மூத்தாள் பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மானிய ராஜா இருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நாடாண்டவர். டெக்சஸின் ஃபிரிஸ்கோ ஊரில் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் மாடியறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு பெரிய வம்சாவளிப் படத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் என்ன முறை என்பதுதான் குழப்பம். என் கணவருடைய முதல் மனைவியின் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். சக்களத்தி வழிச் சொந்தத்துக்கெல்லாம் நம் ஆட்கள் முறை வைக்கவில்லை. சம்பந்தி என்று சொல்லிக்கொள்ளலாமா என்று நானே கேலி பேசித் திரிந்த காலம் உண்டு. இப்போது அந்தச் சுவரைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு தாண்டுகிறேன்.

நான் இளையாள். இரண்டாந்தாரம் என்று சொன்னால் இங்கே இருக்கும் தமிழ் ஆன்ட்டிகள் முகத்தைச் சுளிப்பார்கள். செகண்ட் மேரேஜ் என்று சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் கணவர் சென்னைக்காரர். அவருடைய முதல் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்த டெக்சஸ் பெண். எத்தனையோ தலைமுறைக்கு முன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து இங்கே நிலம் திருத்திய குடும்பம். இருவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். அவள் வேலை கிடைத்து கலிஃபோர்னியாவில் இருக்கும் சான் ஹோசேக்குப் போய்விட்டாள். எட்டு வயது மகள் எங்களோடு இருந்தாள். பள்ளிக்கூடம், சாஃப்ட்பால் டீம், அம்மாவைப் பெற்ற பாட்டி எல்லாம் இந்தப் பக்கமே என்பதால் அப்படி ஏற்பாடு. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். தமிழ் முழுக்கப் புரியும். ஆனால் அவள் வாயிலிருந்து வரும் ஒரே தமிழ்ச் சொல் அதுதான். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

அந்தப் பாட்டியை அவள் ஓமா என்பாள். ஜெர்மனில் பாட்டிக்கு அதுதான் சொல்லாம். நானும் ஓமா என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். நான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த மறுநாள், ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸை வேகவைத்து எடுத்துக்கொண்டு காரோட்டி வந்தார். என் மகனை மடியில் போட்டுக் கொஞ்சினார். தன் மகள் இருந்த இடத்தில் இருக்கிறவளுக்கு இதை வேறு யார் செய்வார்கள்?

வம்சாவளிப் படம் ஓமாவின் பெருமை. பேத்தி பிறந்தபோது ஆள் வைத்து வரையச் சொல்லி மாட்டியது. பிரசவ விடுப்பில் நான் வீட்டோடு கிடந்த அந்தக் கோடையில்தான் அதை நிதானமாகப் பார்த்தேன். உச்சியில் ராஜா. அவருக்கு வலப்பக்கம் இரண்டாம் மனைவி. அவள் வயிற்றிலிருந்து கிளை கிளையாக ராஜாக்கள், ராணிகள், பிஷப்புகள். கீழே வர வர விவசாயிகள், கொல்லர்கள். அப்புறம் டெக்சஸ். எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் வீட்டுப் பெண். ராஜாவின் இடப்பக்கம் இன்னொரு சின்னக் கட்டம் இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கோடு இறங்கி ஒரே ஒரு பெயரில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் காகிதம். அவ்வளவு நெரிசலான படத்தில் அந்த ஒரு இடம் மட்டும் காலியாகக் கிடந்தது கண்ணை உறுத்தியது.

ஓமாவிடம் கேட்டேன். அன்று சிறுமி நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்து உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறேன், அவள் வீட்டில் இல்லை. ஓமா கேக் பக்குவம் சொல்கிற குரலில் சொன்னார். அது ராஜாவின் மூத்தாள். கல்யாணமாகி ஒரு மகனும் பிறந்த பிறகு, இவள் ஏற்கெனவே கன்னியர் மடத்தில் சேர்ந்தவள், இந்தக் கல்யாணம் செல்லாது என்று சொல்லி மடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் கொண்டுவந்த நிலத்தை மட்டும் திருப்பவில்லை. ராஜா இளையாளைக் கட்டினார். இளையாள் மகன் பட்டத்துக்கு வந்தான். மூத்தவனுக்கு அம்மா வழிச் சொத்தும் இல்லை, அப்பா வழிப் பட்டமும் இல்லை. தம்பியை எதிர்த்துச் சண்டைக்கு எழுந்தான், தோற்றான், ஒரு சர்ச்சுக்குள் ஓடிப்போய் நின்றான். கையிலிருந்த ஆயுதங்களையும் கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியையும் கழற்றிப் பீடத்தின் மேல் வைத்தான். இனி எனக்கு எதுவும் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பீடத்துக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக எவனோ ஈட்டியை எறிந்தான். முதுகில் பாய்ந்தது. அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதனால்தான் அவனுக்குக் கீழே கோடும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் குடும்பம் வருஷா வருஷம் கொடை கொடுக்கிற சாமி, இதே மாதிரி வெட்டுப்பட்டுச் செத்த ஒருவன்தான். வெட்டியது எங்கள் முன்னோர்கள். செத்தவன் சும்மா இருக்கவில்லை, தொட்டில் பிள்ளைகள் மேல் கை வைத்தான் என்று பயந்து, வெட்டினவன் வம்சமே அவனுக்குப் பீடம் போட்டு, பொங்கல் வைத்து, மன்னிப்புக் கேட்கிறது. பிள்ளை இல்லாமல் செத்தவனுக்குச் சோறு போட வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் பழக்கத்தில், இவனுக்கு யார் சாப்பாடு வைக்கிறார்கள் என்று ஓமாவிடம் கேட்டுவிட்டேன். ஓமா சிரித்தார். அவன் செத்து ஆயிரம் வருஷமாகிறதே கண்ணு என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே என் கணவர் தன் யோசனையை எடுத்து வைத்தார். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"குழந்தைக்கு ரூம் வேணும்ல. சான் ஹோசேல அவ அம்மா நல்லா செட்டில் ஆயிட்டா, ஸ்கூலும் நல்ல ஸ்கூல். ஆகஸ்ட்ல ஸ்கூல் ஆரம்பிக்கறதுக்குள்ள அனுப்பிடலாம்னு பார்க்கறேன். நீ ரெண்டையும் எப்படி மேனேஜ் பண்ணுவ? உனக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

எனக்காகவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டேனா என்றேன். மெதுவாகப் பேசு, அவள் மாடியில் இருக்கிறாள் என்றார். டிக்கெட்டே போட்டாகிவிட்டதாம். சான் ஹோசேக்காரியும் சரி என்றுவிட்டாளாம். எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார். நாளைக்கு யாராவது கேட்டால், சித்தி வந்தாள், மூத்தாள் பிள்ளையைத் துரத்திவிட்டாள் என்றுதானே பேச்சு வரும்? அந்த ராஜாவின் இளையாளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அன்று நினைத்தேன். மாடிப்படியில் ஒரு பலகை கிரீச்சிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

எங்கள் பூஜை அறை கீழே, சமையலறையை ஒட்டி இருக்கிறது. வீடு கட்டியவன் அதை ஆபீஸ் ரூமாகக் கட்டினான், நாங்கள் சாமி மேடை போட்டுக்கொண்டோம். மேடைக்குப் பக்கத்தில் கொல்லையைப் பார்த்து ஒரு ஜன்னல். வெளியே புல்தரை, மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பாதி எழும்பி நிற்கும் புது வீடுகளின் மரச்சட்டங்கள். உச்சிவேளையில் கட்டட ஆட்கள்கூட வெயில் தாங்காமல் எங்காவது ஒதுங்கிவிடுவார்கள். ஒரு சத்தம் இருக்காது. ஊரில் உச்சிப்பொழுதில் தனியாகப் போகாதே என்பார்கள். டெக்சஸ் உச்சிப்பொழுதைப் பார்த்திருந்தால் வீட்டுக்குள்ளும் தனியாக இருக்காதே என்றிருப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மகனைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், விளக்குக்கு முன்னால் அவளுடைய கழுத்துச் சங்கிலி கிடந்தது. சென்னைத் தாத்தா போட்ட தங்கச் சங்கிலி. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். வியர்வைக்குக் கழற்றியிருப்பாள் என்று நினைத்து எடுத்து மாட்டிவிட்டேன். மறுநாளும் அதே நேரம், அதே இடத்தில் சங்கிலி. இந்த முறை சாஃப்ட்பால் மட்டையும் மேடை மேல் குறுக்காகக் கிடந்தது. அவள் சாமியைப் பார்த்தபடி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வேண்டிக்கொள்கிற பிள்ளை மாதிரி இல்லை. ஊசி போடப்போகிற நர்ஸுக்குக் கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிற பிள்ளை மாதிரி, தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன்மா இதெல்லாம் இங்க வெச்ச?"

"ஐ புட் தெம் டவுன்" என்றாள், திரும்பாமல். "ஸோ தே வோன்ட் பி மேட் அட் மீ."

யார் கோபப்படப் போகிறார்கள் என்று கேட்டேன். அதற்கு, ஜன்னல் திரையை மூடு சித்தி, பின்னால் ஆள் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பார்த்தேன். வேலி, மரச்சட்டம், வெயில். ஆள் யாரும் இல்லை. திரையை இழுக்கும்போது என் கை கண்ணாடியில் பட்டது. தொட்டால் சுடுகிற வெயில் அது. கண்ணாடி சில்லென்று இருந்தது.

ஓமாவுக்கு ஃபோன் போட்டேன். அந்த இளவரசன் கதையை இவளுக்கு எப்போதாவது சொன்னீர்களா என்றேன். இல்லவே இல்லை என்றார். படத்தில் பெயரும் கோடும்தானே இருக்கிறது, சாவை எங்கே எழுதினேன் என்றார். அப்புறம், அது குழந்தைகளுக்குச் சொல்கிற கதை இல்லையே என்றார். என் கணவருக்கு அந்தப் படத்தில் இருக்கும் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. அப்படியானால் யார் சொன்னது? படிக்கட்டிலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டிருப்பாள், தன்னை அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்து கையிலிருந்ததைச் சாமியிடம் கொடுத்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவளிடம் பொம்மை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, டேப்லெட் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் சங்கிலியும் மட்டையும் என்பதற்குத்தான் என்னிடம் சமாதானம் இல்லை.

டிக்கெட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பூஜை அறையில் தொம்மென்று ஒரு சத்தம். ஓடினேன். அவள் மேடைக்கு முன்னால் குப்புறக் கிடந்தாள். தூக்கி உட்கார வைத்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள், அழவில்லை. முதுகு வலிக்கிறது என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கொசுவலையில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, கம்பிகள் உள்பக்கமாக வளைந்திருந்தன. காலையில் அந்தத் திரையைத் திறந்தவள் நான். அப்போது அது இல்லை.

புல் வெட்டுகிறவன் மெஷின் கல்லைத் தெறிக்க விட்டிருப்பான் என்றார் என் கணவர். கல் வலையைக் கிழித்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி உடையாதா என்றேன். உடையணும் என்று அவசியம் இல்லை என்றார். புல் வெட்டுகிறவன் வருவது வியாழக்கிழமை, இன்றைக்குத் திங்கள் என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அன்றைக்குப் பயம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது, அதை இந்த வீடே சேர்ந்து செய்யப்போகிறது என்று தோன்றியது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, டாக்டரிடம் காட்டியாயிற்று, எல்லாம் நார்மல். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. வெட்டுப்பட்டவனுக்குப் படையல் போட வேண்டும். போட வேண்டியது இளையாள் வழி ஆட்கள். ஓமா ரத்தத்தால் இளையாள் வழி. நான் தாலியால்.

ஓமாவிடம் சொல்லும்போது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என்ன கொண்டு வரட்டும் என்று மட்டும் கேட்டார். உங்கள் ஆட்கள் என்ன சாப்பிடுவார்களோ அது என்றேன். மறுநாள் மத்தியானம் கறுப்பு ரொட்டி, புகை போட்ட தொத்திறைச்சி, ஒரு பாட்டில் பீர் எல்லாம் ஒரு கூடையில் கொண்டுவந்தார். எங்கள் சாமிக்கும் கறியும் சாராயமும் உண்டு, அதனால் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

படையலை வீட்டுக்குள் போடவில்லை. எங்கள் வழக்கப்படி அநியாயம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் போட வேண்டும். அதனால் கொல்லையில், அந்த ஜன்னலுக்கு வெளியே, ஈட்டி எறிந்தவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் கேம்பிங் அடுப்பை வைத்துப் பொங்கலிட்டேன். இந்தியன் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை வெந்நீரில் முக்கியும் முறுக்கிக்கொண்டே இருந்தது. நாலு மூலையிலும் கல் வைத்தேன். பொங்கல் பொங்கியபோது நான் குலவை போட்டேன். பக்கத்து வீட்டு நாய் எப்போதும் குலைத்துக்கொண்டே இருக்கும், அது சட்டென்று நிறுத்திவிட்டது. என் கணவர் காதில் ஹெட்செட்டோடு பின்வாசல் கதவைத் திறந்து, காலனி அசோசியேஷன்ல கம்ப்ளெய்ன்ட் வரும் என்றார். வரட்டும் என்றேன். அவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

சிறுமி எனக்கும் ஓமாவுக்கும் நடுவில் நின்றாள். கழுத்தில் சங்கிலி இல்லை. அது உள்ளே மேடையில் கிடந்தது.

என் அப்பா சொல்லக் கேட்ட வார்த்தைகளைச் சொன்னேன். தெரிந்தும் தெரியாமலும் எங்கள் ஆட்கள் செய்தது தப்பு, பொறுத்துக்கொள், பிள்ளைகளைத் தொடாதே, உனக்குப் பீடம் உண்டு, வருஷா வருஷம் சோறு உண்டு. இந்த இடத்தில் ஊராக இருந்தால் ஒருவர் மேல் சாமி வந்திருக்கும். குடும்பத்தில் மூத்தவர் முன்னால் போய், என்ன வேண்டும் என்று கேட்பார். சாமி வாய் திறந்து எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே பேரம் கிடையாது. அதனால் கேட்பதற்கு முன் பெரியவர்கள் நன்றாக யோசித்துக்கொள்வார்கள். ஃபிரிஸ்கோவில் சாமி ஆட யார் இருக்கிறார்கள்? நான் யோசிக்கவில்லை. வாய்ப் பழக்கத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது.

"என்ன வேணும்? கேளு."

"இங்கயே இருக்கணும்."

தமிழ். தெளிவான தமிழ். எங்கள் நடுவிலிருந்து வந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓமாவின் கை அவள் தோளில் இறுகியது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். அதில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

நான் அவரைக் கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்டா டிக்கெட் போட்டார்?

"இருந்துக்கோ. குடுத்தாச்சு" என்றேன்.

பொங்கலை அள்ளி இலையில் வைத்தேன். ஓமா ரொட்டியைப் பிட்டு வைத்தார், பீரை மண்ணில் ஊற்றினார், அவர்கள் மொழியில் என்னமோ முணுமுணுத்தார். நானும் ஓமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பாத்திரங்களை உள்ளே எடுத்துவந்தோம்.

அன்று சாயங்காலமே என் கணவர் டிக்கெட்டை கேன்சல் பண்ணினார். சோபாவில் குனிந்து உட்கார்ந்து, "அவ தமிழ்ல ஒரு சென்டென்ஸ் பேசி நான் கேட்டதே இல்ல" என்றார். அப்புறம் அழுதார். எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த அழுகையைப் பார்த்ததும் போய்விட்டது. சான் ஹோசேக்கு அவரே ஃபோன் பண்ணிப் பேசினார். அவளும் அழுதாளாம். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். தொட்டிலை எங்கள் அறையிலேயே போட்டுக்கொண்டோம். இடம் போதாது என்று சொன்ன வீட்டில் இடம் தாராளமாகவே இருந்தது. கொசுவலையை மாற்றியாயிற்று. சங்கிலி அவள் கழுத்தைவிட்டு அப்புறம் இறங்கவே இல்லை. மட்டை கராஜில் அதனுடைய இடத்துக்குப் போய்விட்டது.

பள்ளி திறந்த வாரம், அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாய், இன்னொரு தடவை சொல்லேன் என்று கொஞ்சினேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். விளையாட்டு இல்லாத முகம்.

"ஐ டிட்ன்ட் ஸே எனிதிங், சித்தி. ஐ தாட் இட் வாஸ் யூ."

என் கை பின்னலிலேயே நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்ட மாதிரி, குரலைத் தாழ்த்தி, அப்படியென்றால் அவன் நம்மோடுதான் இருக்கப்போகிறானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பயந்து கேட்கவில்லை. அவனை அனுப்பிவிடுவீர்களோ என்ற கவலையில் கேட்டாள். சமையலறைக்கு அப்பால் பூஜை அறைக் கதவு திறந்தே இருந்தது. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ரிப்பனை இறுக்கிக் கட்டினேன். கொடுத்தது கொடுத்ததுதான்.

"ஆமா. ரெண்டு பேரும் இங்கதான்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.